முதல் ஊத்தா

குமரப்பன் செட்டியார் தூண்டில் நரம்பில் கட்டி எறிந்தது ஈயக்குண்டு தொங்கிய மும்முனை முள். சுற்றி இழுத்தபோது தண்ணீருக்கு மேலே வந்தது ஸ்பூன்.

ஸ்பூன் என்றால் பாயசம் குடிக்கிற சாமான் இல்லை. கட்டைவிரல் நீளத்தில் வெள்ளி மாதிரி மின்னுகிற ஒரு தகடு, அதன் வாலில் ஒரு முள். தண்ணீருக்குள் இழுத்தால் கெண்டைக் குஞ்சு துள்ளுவது போலப் புரண்டு புரண்டு வரும். பெரிய மீன் ஏமாந்து கவ்வும். சீமைச் சரக்கு. கொன்னக்குடிக் கண்மாயில், ஏன், புதுக்கோட்டை வட்டாரத்திலேயே அது அவர் ஒருவரிடம்தான் இருந்தது. இருந்தது என்று சொல்வதுதான் சரி. அந்த ஸ்பூனைக் கண்மாய்க்கடியில் விட்டு, நரம்பைத் தன் கையாலேயே அறுத்துப் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போய் நாள் பல ஆகிவிட்டது.

இப்போது அது கம்பு நுனியில் தொங்கி ஆடியது. ஒரு பொட்டுப் பாசி இல்லை. யாரோ சாம்பல் போட்டுத் துலக்கியது மாதிரி பளபளத்தது. ஈயக்குண்டும் மும்முனை முள்ளும் போன இடம் தெரியவில்லை.

முடிச்சைப் பார்த்தார். அவர் போடுகிற முடிச்சு ரங்கூனில் ஒரு வெள்ளைக்கார பாங்கு மானேஜர் சொல்லிக் கொடுத்தது. நரம்பை முறுக்கி முறுக்கி நுழைத்து, மிச்சத்தை ஒட்ட வெட்டி, கண்ணுக்கே தெரியாமல் முடிப்பார். இது முரட்டு முடிச்சு. இரண்டு சுற்று, மடித்து ஒரு நுழைப்பு, வாலை விரல் நீளத்துக்கு விட்டு இறுக்கியது. மடைக்கட்டையில் வடக்கயிறு கட்டுகிறவன் போடுகிற முடிச்சு. அந்தக் கண்மாயில் மடைக்கட்டைக்குக் கயிறு கட்டுகிறவன் ஒரே ஒருத்தன்தான். பங்கிராஸ்.

அவன் செத்துப்போனது செட்டியாருக்கு மட்டும்தான் தெரியும்.

முதலில் அவருக்கு வந்தது கோபம். பயம் என்கிற சமாச்சாரம் கூலிக்காரனுக்கும் பொம்பளைக்கும் உரியது என்று நினைத்து வளர்ந்த ஆள். "எந்தக் காவாலிப் பய வேலைடா இது?" என்று கரையைப் பார்த்துக் கத்தினார். கரையில் காவாலி எவனும் இல்லை. பங்குனி வெயில் பனைமட்டையைக்கூட அசையவிடாமல் அமுக்கிப் பிடித்திருக்க, வற்றிக்கொண்டு வரும் தண்ணீரின் ஓரத்தில் வெடித்த வண்டலிலிருந்து நத்தையும் பாசியும் வெந்த வாடை எழுந்து வர, மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்குப் பக்கம் ஒரு நாரை மட்டும் ஒற்றைக்காலில் நின்று அவரை வேலையற்றவனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகுதான் அவருக்கு உறைத்தது. எறிந்ததிலிருந்து இழுத்ததுவரை கம்பு அவர் கையை விட்டு அகலவில்லை.

வேலையற்றவன் என்றது நாரை மட்டுமில்லை. ஊரே அப்படித்தான் சொன்னது. திருமயத்துக்கு அங்கிட்டு ஒரு ஊர்க்காரர் அவர். பர்மாவில் கடை வைத்திருந்தார். சண்டை வந்து ஜனங்கள் காட்டுவழியாக நடந்து வந்தபோது அவனவன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். இவர் தூண்டில் கம்பைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வந்து, கொன்னக்குடிக் கண்மாய்ப் பாசனத்தில் வயல் வாங்கிப் போட்டு, குத்தகைக்கு விட்டுவிட்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம் அவர் செய்த வேலை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு காரில் கரைக்கு வந்து, மடக்கு நாற்காலியைப் போட்டு, தக்கைத் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு தூண்டில் போடுவது.

கண்மாய் சர்க்காருடையது. வலை போடத்தான் தடை, தூண்டிலுக்குத் தடையில்லை. பசிக்கு மீன் பிடிக்கிறவனை அந்தக் கரை பார்த்திருக்கிறது, விற்கப் பிடிக்கிறவனையும் பார்த்திருக்கிறது. மீனின் வாயில் முள்ளைக் குத்தி, அது களைத்துச் சாகக் கிடக்கிறவரை அங்கிட்டும் இங்கிட்டும் அலையவிட்டு, தூக்கி அழகு பார்த்து, கிழிந்த வாயோடு திரும்பத் தண்ணீரிலேயே விடுகிற ஜென்மத்தை அது பார்த்ததில்லை. நாற்று நடுகிற பெண்கள் இடுப்பை நிமிர்த்தும் சாக்கில் நின்று பார்ப்பார்கள்.

"என்னடி பண்றாரு, மீனுக்குக் காது குத்துறாரா?"

"மொய் எழுதிட்டு வாடி போய்."

"இது ஸ்போர்ட்டு. ஒங்க மண்டைக்கு எட்டாது" என்பார் செட்டியார். அவர்கள் மண்டைக்கு எட்டத்தான் இல்லை. முதுகுத்தண்டு ஒடியக் குனிந்து நிற்கிறவளுக்கு, ஒருத்தன் விளையாட்டுக்கு உயிரை வதைப்பது எப்படி எட்டும்?

அந்தக் கண்மாய்க்கு மடை கரையில் இல்லை. கரையிலிருந்து தள்ளி, தண்ணீருக்குள் இரண்டு கல்தூண் நிற்கும். குமிழி என்பார்கள். தூணடியில் ஒரு கல்தொட்டி, தொட்டித் தரையில் ஆள் நுழையாத ஓர் ஓட்டை, ஓட்டைக்கு ஒரு மரக்கட்டை. கட்டையைப் பிடுங்கினால் தண்ணீர் கரைக்கடியில் ஓடும் சுரங்கம் வழியாக வயலுக்குப் போகும். பிடுங்கவும் அடைக்கவும் ஒரு ஆள் மூச்சடக்கி உள்ளே போகவேண்டும். அந்த ஆள்தான் பங்கிராஸ். ஆவூர்ப் பக்கத்து வேதக்காரன். கிணறு வெட்டிப் பிழைக்க வந்தவன், நெஞ்சில் காற்று நிற்கிறதென்று ஊர் அவனைப் பிடித்து மடைக்காரனாக்கிக்கொண்டது.

ஸ்பூன் குமிழித் தூணில் மாட்டிக்கொண்ட அந்த மத்தியானம், பங்கிராஸ் கரையில் குந்திப் பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"டேய் பங்கிராசு, எறங்கி எடுடா."

"மடை தெறந்திருக்குங்க செட்டியாரே. இப்பக் கிட்டப் போனா கையக் கால உள்ள இழுத்துப்புடும். நாளைக்கி அடைச்சிட்டு எடுத்துத் தாரேன். அது என்ன, முட்ட போட்டுக் குஞ்சு பொரிக்கவா போவுது?"

"சாயந்திரம் கிளப்புல நாலு பேருக்குக் காட்டணும். எறங்குடா."

"வேணாங்க. தண்ணி இழுப்பு சாஸ்தி."

"மாதா கோயில் மணி அடிச்சாத்தான் எறங்குவியோ? தொடைநடுங்கிப் பயலுக்கெல்லாம் மடைக்காரன்னு பேரு. போ, போய் ஒம் பொண்டாட்டிய வரச்சொல்லு. அவ எறங்குவா."

பங்கிராஸ் பீடியை மண்ணில் குத்தி அணைத்தான். வேட்டியை அவிழ்த்து மடித்துக் கல்மேல் வைத்தான். "நரம்ப டைட்டாப் புடிங்க. அதைப் புடிச்சுக்கிட்டே போறேன். மூணு வாட்டி வெட்டி இழுத்தா ஆளக் கூப்புடுங்க" என்றான். அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

மூன்று வாட்டி இழுத்தான். செட்டியார் கையில் கம்பு குனிந்து குனிந்து நிமிர்ந்தது. மறுபடி மூன்று. கூப்பிடு தூரத்தில் வாய்க்கால் வெட்டுகிற ஆட்கள் சோற்றுச் சட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். சத்தம் போட்டால் ஆள் வரும். வந்தால், திறந்த மடையில் இவனை இறக்கியது யார் என்று கேட்பான். போலீசு, சாட்சி, கிளப்பு வாசல்வரை பேச்சு. ஒரு மடைக்காரனுக்காக. மறுபடி மூன்று. அப்புறம் கணக்கில்லாமல். அந்த இழுப்பில் அவருக்கு ஒரு கூச்சம் வந்தது. இதுவரை அவர் பிடித்த எந்த மீனும் கம்பை அப்படி வளைத்ததில்லை என்று மனசின் ஒரு மூலை மெச்சிக்கொண்டதுதான் அந்தக் கூச்சம். பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார். நரம்பு 'டங்' என்று அறுந்தது. கல்மேலிருந்த வேட்டியை எடுத்துக் காரில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று சாயந்திரமே வாய்க்காலில் தண்ணீர் பாதியாகக் குறைந்தது. கடைமடை வயல்காரர்கள் மண்வெட்டியோடு வந்து பங்கிராஸைத் தேடினார்கள். அடைப்பை எடுக்க, அடைத்துக் கிடந்தவனையே தேடினார்கள். மீமிசல் பஸ்ஸில் ஏறினான், தோணி பிடித்துச் சிலோனுக்குப் போறேன் என்று தன்னிடம் சொன்னான் என்றார் செட்டியார். ஊர் நம்பியது. போகிறவன் சொல்லாமல் போவது அந்தக் காலத்தில் வழக்கம்தான்.

பங்கிராஸ் பெண்டாட்டி மரிய செல்வி மட்டும் கரைக்கு வந்தாள். செட்டியார் நாற்காலிக்குப் பக்கத்தில், மரியாதைக்கு விடவேண்டிய தூரத்தை விடாமல் நின்றாள்.

"கட்டுன துணியோடயா சிலோனுக்குப் போனாரு?"

"எனக்கென்ன தெரியும்? எங்கிட்டப் பாவமன்னிப்புக் கேக்க நான் என்ன ஒங்க சாமியாரா?"

"சாமியாருகிட்டயே பொய் சொல்ற மனுசன்தான். ஆனா பீடிய விட்டுட்டுப் போவமாட்டாரு. மாடத்துல முழுக் கட்டு கெடக்கு."

"சிலோன்ல பீடி கெடைக்காதா?"

"கெடைக்கும் கெடைக்கும்." அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி வத்துது, செட்டியாரே."

"பங்குனியில வத்தாமப் பெருகுமா?"

"வத்தட்டும்" என்றாள். போய்விட்டாள்.

அந்த ஒரு வார்த்தைதான் செட்டியாரின் தூக்கத்தைத் தின்றது. தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றியதும் ஊர் கூடிக் கண்மாயை அழிப்பார்கள். அழிப்பது என்றால் மீனை ஒட்டப் பிடிப்பது. ஊர்ப் பெரியவரான அம்பலகாரர் கலுங்குமேல் நின்று வெள்ளைத்துண்டை வீசுவார். வீசியதும் சுற்றுப்பட்டி ஜனம் மொத்தமும் ஊத்தாவோடு இறங்கும். ஊத்தா, அடியில்லாத மூங்கில் கூடை. சேற்றில் அமுக்கி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி, அகப்பட்டதைப் பிடிப்பது. ஆயிரம் கை ஒரு சாண் இடம் விடாமல் துழாவும். குமிழித் தொட்டியை விட்டுவைப்பார்களா?

பர்மாப் பாதையில் ஆறுகளில் பிணம் மிதந்து அவர் பார்த்திருக்கிறார். தண்ணீரில் செத்தவன் ஊதி மேலே வந்தே தீரவேண்டும். இவன் வரவில்லை. ஆகவே ஓட்டையில் சிக்கியிருக்கிறான். கொக்கி போட்டுக் கிளப்பி, கோரைக்காட்டுப் பக்கம் இழுத்துப் புதைத்துவிட்டால் தீர்ந்தது. அதற்குத்தான் ஈயக்குண்டும் மும்முனை முள்ளும். தினம் வந்து பிணத்துக்குத் தூண்டில் போட்டார். பார்க்கிறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதே நாற்காலி, அதே தொப்பி, அதே கோமாளி. அத்தனை வருசத்தில் அந்தப் பொழுதுபோக்கால் விளைந்த ஒரே பிரயோசனம் அதுதான்.

அந்தத் தூண்டிலுக்குத்தான் ஸ்பூன் வந்தது.

நரம்போடு அறுத்து அதைத் தண்ணீரில் வீசிவிட்டு, நாற்காலியைக்கூட மடக்காமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். விடிந்ததும் அம்பலகாரர் ஆண்டிச்சாமி வாசலில் நின்றார். தடித்த ஆள், சிரித்தால் ஊர் முழுக்கக் கேட்கும்.

"செட்டியாரே, சங்கதி தெரியுமா? பங்கிராசுப் பய வந்துட்டுப் போயிருக்கான்!"

செட்டியார் வாசற்படி இறங்கி வந்தார். "யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல. காலையில போயிப் பாத்தா மடை அடைச்சிருக்கு. கட்டைய அறைஞ்சு எறக்கி, வடக்கயிறு கட்டி, கயித்து மேல்நுனியத் தூண்ல சுத்தியிருக்கான். அவன் முடிச்சேதான். வேற எந்தப் பய அங்க முங்குவான்? பொண்டாட்டி வாய்க்குப் பயந்து இருட்டோட வந்து வேலையப் பாத்துட்டு ஓடிட்டான், களவாணி!"

"உசுரோட இருக்கானா?"

"பின்ன, செத்தவனா வந்து மடை அடைப்பான்?" ஆண்டிச்சாமி சிரித்த சிரிப்பில் புறா பறந்தது.

அந்தச் சிரிப்பைச் செட்டியார் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆமாம், அதுதானே. இழுப்பிலிருந்து எப்படியோ விடுபட்டிருக்கிறான். முங்கியே போய்க் கோரைக்காட்டுப் பக்கம் கரையேறியிருப்பான். ஒளிந்துகொண்டு, ஸ்பூனைக் கட்டி விளையாட்டுக் காட்டியிருக்கிறான், திருட்டுப் பயல். தன்னைக் கொலைகாரன் ஆக்கப் பார்த்தானே என்று செட்டியாருக்கு ஆத்திரமாக வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட உட்கார்ந்தார். மோரை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். சேற்று வாடை. வெயிலே படாத அடிச்சேற்றின், அழுகிய தாமரைத்தண்டின், குளிர்ந்த கருப்பு வாடை.

"மோருல என்ன கெடக்கு?" என்று சத்தம் போட்டார்.

பெண்டாட்டி பிரகதாம்பாள் ஆச்சி மோந்து பார்த்தாள். "பசுமோரு. ஒங்க மூக்குல என்ன கெடக்குன்னு பாருங்க" என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அப்போதுதான் உள்முற்றத்து வளவுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. கிர்ர்.

தூண்டில் கம்பு சுவரில் சாய்ந்து நின்றது. மீன் கவ்வி ஓடும்போது ரீல் சுற்றுமே, அந்தச் சத்தம். எத்தனையோ சாயங்காலங்களில் அவர் நெஞ்சைக் குளிர வைத்த சத்தம். கிர்ர். கிர்ர். மூன்று முறை. நின்றது. நரம்பு ஒரு நூலளவும் நகரவில்லை. ரீல் கைப்பிடி அசையவில்லை. சத்தம் மட்டும் வந்தது. மறுபடி மூன்று. நின்றது. மறுபடி மூன்று. ஒருத்தன் பொறுமையாகக் கேட்கிற மாதிரி. கூப்பிடு. கூப்பிடு. கூப்பிடு.

ரீலைக் கழற்றிச் சுத்தியலால் நசுக்கினார். நரம்பை அடுப்பில் போட்டார். மயிர் கருகுகிற வாடை வீடு முழுக்கப் பரவியது. நசுங்கிய ரீலைச் சாக்கில் சுற்றிக் கிணற்றில் எறிந்தார்.

கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது.

கண்மாய் அழிக்கிற நாள் குறிக்கப் பாசனக்காரர்களை மடைக்கருப்பர் மரத்தடிக்குக் கூப்பிட்டார்கள். செட்டியார் போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் அங்கே என்ன பேசுவார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் போய்விடும், அதனால் போனார். இந்தக் கொஞ்ச நாளில் கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளவென்று தொங்கியது.

வழக்கம் ஒன்று இருந்தது. வெள்ளைத்துண்டு வீசுவதற்கு முன்னால், மடைக்காரன் ஒருத்தன் மட்டும் இறங்கிக் குமிழித் தூணடியில் முதல் ஊத்தாவைப் போடவேண்டும். அவன் கையில் மீன் ஏறினபிறகுதான் மற்றவன் கால் நனையலாம். வருசம் பூராவும் செத்துப் பிழைக்கிறவனுக்கு ஊர் செய்கிற மரியாதை. இந்த வருசம் மடைக்காரன் இல்லை.

"பங்கிராசு வீட்டுப் பாத்தியதை அது. அந்தப் புள்ளையே சொல்லட்டும்" என்றார் ஆண்டிச்சாமி.

மரிய செல்வி கூட்டத்துக்கு வெளியே நின்றிருந்தாள். "செட்டியாருக்குக் குடுங்க" என்றாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "அவரு மீனப் புடிச்சா முத்தம் குடுத்துல்ல விடுவாரு!" என்றான் ஒருத்தன்.

"எங்க வீட்டுக்காரரக் கடைசியாப் பாத்தவரு அவருதான். அவரு எடத்துல இவரு எறங்கட்டும்" என்றாள் செல்வி. அவள் சிரிக்கவில்லை.

செட்டியார் கணக்குப் போட்டார். மாட்டேன் என்றால், ஏன் என்பார்கள். இறங்கினால்? எல்லாருக்கும் முன்னால், தனியாக, குமிழியடியில். அவன் உயிரோடு ஓடியிருந்தால் கவலையில்லை. ஓடாமல் அங்கேயே கிடந்தால், காலால் மிதித்துச் சேற்றில் ஆழ அமுக்கிவிடலாம். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

"ஊர் மரியாதைய வேண்டாம்பாங்களா?" என்றார்.

அன்று விடிவதற்குள் கரை கொள்ளாத ஜனம். திருவரங்குளத்திலிருந்தும் அறந்தாங்கிப் பக்கமிருந்தும் வண்டி கட்டி வந்திருந்தார்கள். பொழுது கிளம்பிப் பனை உயரம் வந்தபோது ஆண்டிச்சாமி வெள்ளைத்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு கலுங்குமேல் ஏறினார். செட்டியார் அரைக்கால் டிராயரும் தொப்பியுமாக, தன் உயரத்துக்குப் பொருந்தாத ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கரையெல்லாம் சிரிப்பு.

மேல்தண்ணீர் கஞ்சித்தண்ணி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. சேற்றுக்குள் இறங்க இறங்க, கணுக்காலுக்கு ஒரு குளிர், முழங்காலுக்கு ஒரு குளிர், அத்தனை வெயிலும் தொடமுடியாத பழைய குளிர், விரலிடுக்கில் வழவழவென்று ஏறியது. கால் ஒவ்வொன்றையும் பிடுங்கும்போது சேறு உறிஞ்சி உறிஞ்சி விட்டது. கரையின் சிரிப்பும் கூச்சலும் தூரத்துச் சந்தை இரைச்சல் போல ஆகி, தண்ணீர் இடுப்பைத் தொட்டபோது அவருக்குத் தன் மூச்சு மட்டும்தான் கேட்டது.

குமிழித் தூண். கையால் தொட்டார். காலால் தொட்டியைத் துழாவினார். கல் விளிம்பு. அடைத்த கட்டை. வேறொன்றுமில்லை. சுற்றி வந்தார். மிதித்தார். சேறு. வெறும் சேறு.

ஒன்றுமில்லை! உயிரோடுதான் ஓடியிருக்கிறான் நாய்ப்பயல். செட்டியாருக்குச் சிரிப்பு வந்தது. இனி வழக்கத்துக்கு ஒரு தடவை அமுக்கிக் காட்டிவிட்டுக் கரையேற வேண்டியதுதான். தூணடியில் ஊத்தாவைப் போட்டு அழுத்தினார்.

உள்ளே ஏதோ மூங்கிலில் இடித்தது.

"மாட்டிக்கிச்சு! மாட்டிக்கிச்சு! கைய விடுங்க செட்டியாரே!"

கையை விட்டார். வழவழப்பாக ஒன்று உள்ளங்கையை உரசிக்கொண்டு போனது. விரால் முதுகு மாதிரி. திரும்பி வந்தது. நின்றது. அவர் விரல்களுக்கு நடுவே, ஒவ்வொரு சந்திலும் ஒவ்வொன்றாக, ஐந்து விரல்கள் நுழைந்தன.

இழுக்கவில்லை. கோத்துக்கொண்டு சும்மா இருந்தன. ஊறிப்போன தோல். உள்ளே எலும்பு.

செட்டியார் காலைச் சேற்றில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தார்.

"பெருசு போலயே!" "ஸ்போர்ட்டுக் காட்டுறாருடோய்!" கரை துள்ளியது.

கையை வெட்டி இழுத்தார். பிடி இறுகியது. மறுபடி இழுத்தார். தோள் ஊத்தாவின் வாயில் இடித்தது.

"தொணைக்கு ஆள் அனுப்பவா, செட்டியாரே?" கலுங்கிலிருந்து ஆண்டிச்சாமி.

ஆள் வரும். வந்தால் கையை விடுவான். விட்டால்.

"வேண்டாம்!" குரல் கிழிந்தது. "ஆளு வேண்டாம்! யாரும் வரவேண்டாம்!"

கரை சிரித்தது. பிடி முழங்கைக்கு ஏறியது.

தண்ணீர் சலசலத்தது. மரிய செல்வி வந்துகொண்டிருந்தாள். அவள் வீட்டுப் பாத்தியதை, யாரும் தடுக்கவில்லை. அவசரமில்லாமல், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குமிழியடிக்கு வந்து நின்றாள்.

"போடி. போ அங்கிட்டு" என்றார். உதடு மட்டும் அசைந்தது.

அவள் ஊத்தாவின் வாயில், அவர் கையோடு ஒட்டித் தன் கையை விட்டாள். அவர் தோளைத் தடவி, முழங்கையைத் தடவி, கீழே போனாள். ஓரிடத்தில் நின்றாள். அவள் கண் மூடியது. காய்ச்சல்காரனைத் தொட்டுப் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

கையை வெளியே எடுத்தாள். கரையைப் பார்த்துத் திரும்பினாள்.

"மீனுதான்! பெரிய மீனு! துண்ட வீசுங்க!"

ஊத்தாவின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, முழுப் பாரத்தையும் போட்டு அமுக்கினாள்.

வெள்ளைத்துண்டு சுழன்றது. கண்மாயே இடிந்து விழுந்தது போல ஓர் இரைச்சல். ஆயிரம் கால். ஆயிரம் ஊத்தா. சேறு கிளம்பித் தண்ணீர் கருத்தது. இடித்துக்கொண்டு ஓடினார்கள், விழுந்தார்கள், கெண்டை துள்ளியது, கூவினார்கள். ஒருத்தரும் குமிழிப் பக்கம் பார்க்கவில்லை. செட்டியார் கத்தினார். அத்தனை பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

தோள்வரை உள்ளே போயிற்று. கன்னம் மூங்கிலில் பதிந்தது. செல்வி அவரைப் பார்க்கவில்லை. கையை மட்டும் எடுக்காமல் நின்றாள்.

ஊத்தாவின் வாய்க்குள், அவர் முகத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில், கருப்புத் தண்ணீர் மெல்ல மேலே உப்பியது. நாள் கணக்காக அடக்கி வைத்திருந்த மூச்சை யாரோ நிதானமாக விட ஆரம்பித்தார்கள்.